விரலை அறியும் திரை

பழைய மாணவன் ஒருவன், ஜெயபுரம்

ஏடு தொடக்கும் நன்னாளிலே குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து, தட்டிற் பரப்பிய பச்சையரிசியில் அகரம் எழுதுவிக்கும் வழக்கம் நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவிவருகின்றது. எழுதுகோலைப் பிடிக்குமுன்னே விரலே எழுதுகோலாகின்றது. இன்றோ அக்குழந்தை ஏடு தொடக்குமுன்பே தாயின் கைத்தொலைபேசியை எடுத்து, அதன் கண்ணாடியை விரலால் தடவிப் படம் பார்க்கக் கற்றுவிடுகின்றது. அரிசியில் எழுத்துத் தோன்றியவாற்றை விளக்குதல் எளிது. விரல் பட்ட இடத்து அரிசி விலகிற்று, எழுத்துத் தோன்றிற்று. ஆனால், கண்ணாடி எவ்வாறு விரலை அறிந்தது என்று அக்குழந்தை வினவுமாயின், நம்மிற் பலர் விடை கூற இயலாது மயங்குவோம்.

அவ்வினாவுக்கு விடை கூறுதலும், பழுதென்று எறியப்பட்ட கணினித் திரையொன்றைக் கொண்டு பல விரல்களை ஒருங்கே அறியவல்ல திரையை வீட்டிலேயே அமைக்கும் முறையை விளக்குதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்தில் என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளிற் பிள்ளைகள் சிலருக்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். அவர்களோடு கூடி இத்தகைய திரையொன்றை அமைத்தபோது பெற்ற அனுபவத்தையே ஈண்டு எழுதுகின்றேன். இதற்கு வேண்டிய பௌதிக அறிவு நம் கல்லூரியில் உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படுவதற்கு மேற்பட்டதன்று என்பதை முதலிலேயே கூறிவிடல் நன்று.

ஒரு சுட்டியும் பல கைகளும்

எங்கள் விறாந்தையில் இருந்தது ஒரே கணினி. அதற்கு ஒரே சுட்டி. பிள்ளைகளோ ஏழெட்டுப் பேர். சுட்டியைப் பற்றிய பிள்ளை அதை விடுவதில்லை. பற்றுகின்ற பிள்ளையும் பெரும்பாலும் வயதில் மூத்த, வாயும் வலியும் உள்ள பிள்ளையாகவே இருக்கும். ஏனையோர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பர். சிறிது நேரத்தில் அவருட் சிலர் முற்றத்துக்கு விளையாடப் போய்விடுவர். கற்பித்தற்கென வந்த கருவி ஒருவனைக் கற்பித்து எழுவரை வேடிக்கை பார்ப்போர் ஆக்கிற்று.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரில் உள்ள மைக்ரோசொஃப்ற் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்றாரோ ரோயாமா என்போர் இந்தியக் கிராமப் பாடசாலைகளிலே இதனையே கண்டனர். பல பிள்ளைகள் ஒரு கணினியைச் சூழ்ந்திருக்க, ஒரு பிள்ளையே அதனை ஆளுதலைக் கண்ட அவர்கள், ஒரே கணினியிற் பல சுட்டிகளைப் பொருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு நிறத்து அம்புக்குறியை வழங்கும் முறையை 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் சுட்டிகளைப் பெருக்கினார்கள். நாங்களோ விரல்களையே சுட்டிகளாக்கிவிடலாம் என்று எண்ணினோம்.

தொடுதிரை வந்த வழி

தொடுதிரை பற்றிய கருத்தை 1965 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மால்வேண் நகரில் இருந்த அரச ராடர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜோன்சன் என்பார் வெளியிட்டார். 1970களில் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையமாகிய சேர்ணில், பிராங்க் பெக், பென்ற் ஸ்ரும்பே என்னும் பொறியியலாளர் பெரும் துகள் முடுக்கியொன்றின் கட்டுப்பாட்டு அறைக்கென ஒளிபுகு தொடுதிரைகளை அமைத்தனர். ஆயிரக்கணக்கான பொத்தான்கள் செய்யவேண்டிய வேலையைச் சில கண்ணாடித் தகடுகள் செய்தன.

இத்தகைய திரைகளின் அடிப்படை மின்கொள்ளளவம் ஆகும். மனித உடல் மின்னைக் கடத்தும். மின்கடத்தும் மெல்லிய ஒளிபுகு படலத்தின் அருகே விரல் வந்ததும் அவ்விடத்துக் கொள்ளளவம் சற்றே மாறுகின்றது. அம்மாற்றத்தை அளந்து விரலின் இடம் அறியப்படும். இன்றைய கைத்தொலைபேசித் திரையில் இத்தகைய ஒளிபுகு கடத்திகள் நெசவின் பாவும் ஊடும் போலக் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. அவை சந்திக்கும் ஒவ்வோரிடமும் ஒரு சிறு கொள்ளளவியாகும். அவற்றையெல்லாம் ஒரு செக்கனிற் பல தடவை அளப்பதாற் பல விரல்களை ஒருங்கே அறிய இயலுகின்றது. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. எனினும், அத்தகைய படலத்தை வீட்டிற் செய்தல் இயலாது.

வீட்டிற் செய்யத்தக்கது வேறொரு வழி. அது விரலைத் தொட்டறிவதன்று, கண்டறிவது. 1982 ஆம் ஆண்டிலேயே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா என்பார், தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்றின் பின்னே கமராவை வைத்து, கண்ணாடியைத் தொடும் விரல்களைக் கரும்புள்ளிகளாகக் காணும் கருவியை அமைத்தார். கமரா தன் முன்னுள்ள அனைத்தையும் ஒருங்கே காணுமாதலின், அதற்கு ஒரு விரலும் பத்து விரல்களும் ஒன்றே. 2005 ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்து ஜெவ் ஹான் இவ்வழியைப் பெரிதும் எளிமையாக்கினார். அவர் கையாண்ட பொருள்களின் விலை குறைவு, தத்துவமோ பழையது. 2007 ஆம் ஆண்டில் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் ஐந்து கமராக்களும் படவெறியியும் உட்கொண்ட மேசைத் திரையொன்றை அறிவித்தபோது அதன் விலை ஏறத்தாழ 10,000 அமெரிக்க டொலராயிருந்தது. அதே காலத்தில் உலகின் பல பாகங்களிலும் ஆர்வலர் பலர், ஹான் காட்டிய வழியிற் பலகையும் பழைய திரையும் கொண்டு தத்தம் வீடுகளில் இவற்றை அமைக்கத் தொடங்கினர்.

சிறைப்பட்ட ஒளி

ஹான் கையாண்ட தத்துவத்தை ஒரு குவளை நீரைக் கொண்டே காணலாம். கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பிக் கையிற் பிடித்து, மேலிருந்து சரிவாக நீரினூடே குவளையின் உட்பக்கச் சுவரை நோக்குக. சுவர் வெள்ளி பூசியது போல ஒளிரும். அதற்கப்பால் உள்ள பொருள் எதுவும் தெரியாது. ஆனால், குவளையை இறுகப் பற்றிய விரல் நுனிகளின் இரேகைகள் மட்டும் அவ்வெள்ளிப் பரப்பில் தெளிவாகத் தெரியும்.

இதன் காரணம் முழு அகத்தெறிப்பு. அடர்த்தி மிக்க ஊடகத்திலிருந்து காற்றுக்குச் செல்ல முயலும் ஒளி, அவதிக்கோணத்தினும் கூடிய கோணத்திற் பரப்பை அடைந்தால் வெளியேறாது முழுவதும் உள்ளே தெறிக்கும். அக்கிரிலிக்குத் தகட்டின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.49, ஆதலின் அதன் அவதிக்கோணம் ஏறத்தாழ 42 பாகை. அத்தகட்டின் ஓரத்தினூடாக ஒளியைச் செலுத்தினால், அது மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் மாறிமாறித் தெறித்துச் சிறைப்பட்டதுபோல உள்ளேயே செல்லும். விரல் தகட்டைத் தொட்டதும், தொட்ட இடத்தில் காற்றுக்குப் பதிலாகத் தோல் வந்துவிடுகின்றது. அங்கே ஒளி சிறை நீங்கி, விரலிற் பட்டுச் சிதறி, தகட்டின் கீழே இறங்குகின்றது. கீழே இருக்கும் கமராவுக்கு அது ஓர் ஒளிப்பொட்டாகத் தோன்றும்.

முழு அகத்தெறிப்பு இவ்வாறு தடைப்படுதலை நியூற்றன் அறிந்திருந்தார். அரியமொன்றின் பரப்பின்மேற் குவிவில்லையை அழுத்தியபோது, கண்ணாடியும் கண்ணாடியும் உண்மையிலே தொடும் இடத்தினும் அகன்றதோர் இடத்தினூடாக ஒளி செல்வதை அவர் கண்டார். தெறித்துத் திரும்பும் ஒளி, பரப்பைக் கடந்து தன் அலைநீளத்தளவான சிறு தூரம் எட்டிப் பார்த்தே மீள்கின்றது என்பது இதனாற் பெறப்படும். அத்தூரத்தினுள் வேறொரு பொருள் வந்தால் ஒளி அதனுட் பாய்ந்துவிடும்.

நம் மாணவர் பெருமிதத்தோடு அறியவேண்டிய செய்தி ஒன்று ஈண்டு உண்டு. 1897 ஆம் ஆண்டில் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், மின்காந்த அலைகளைக் கொண்டு இத்தோற்றப்பாட்டை அளந்தார். ஒளியின் அலைநீளம் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்ததாகையால், அவ்வளவு நுண்ணிய காற்றிடைவெளியை வைத்து அளத்தல் அரிது. போஸ் தாமே அமைத்த கருவிகளால் மிக நீண்ட அலைகளை உண்டாக்கியதனால், கண்ணாடித் துண்டுகள் இரண்டினுக்கு இடைப்பட்ட காற்றிடைவெளியை மில்லிமீற்றர்க் கணக்கிற் கூட்டியும் குறைத்தும், அலை எப்போது தெறிக்கின்றது, எப்போது கடக்கின்றது என்று காண முடிந்தது. அவ்வாய்வு இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று.

இருளிற் கிடந்த படம்

இனித் திரையைப் பார்ப்போம். திரவப் பளிங்குத் திரை தானே ஒளி வீசுவதன்று. அது ஒரு சன்னல் போன்றது. பின்னாலிருந்து வரும் வெண்ணொளியை இடந்தோறும் மறைத்தும் விடுத்தும் படம் காட்டுவதே அதன் தொழில். முனைவாக்கும் தகடுகள் இரண்டினுக்கிடையே திரவப் பளிங்கு இருக்கின்றது. மின்னழுத்தத்துக்கேற்ப அது ஒளியின் முனைவுத் தளத்தைத் திருப்ப, இரண்டாந் தகடு அவ்வொளியைத் தடுக்கின்றது அல்லது விடுகின்றது.

கடைகளிலும் அலுவலகங்களிலும் பழுதென்று ஒதுக்கப்படும் பழைய திரைகளுட் பலவற்றில் உண்மையிற் கெட்டுப்போனது பின்னொளி விளக்கே. அத்தகைய திரையைக் கணினியோடு இணைத்து, இருட்டறையில் வைத்து, கைமின்விளக்கைச் சரிவாகப் பிடித்துப் பார்த்தால், மங்கலாகப் படம் தெரியும். எங்களுக்குக் கிடைத்த 17 அங்குலத் திரையும் இத்தகையதே. செத்துப்போனதென்று எறிந்த திரையினுட் படம் அழியாது இருளிற் கிடந்ததைப் பிள்ளைகள் கண்ட அந்த மாலையை நான் மறவேன்.

திரவப் பளிங்குத் திரைக்கு நமக்கு உதவும் வேறொரு பண்பும் உண்டு. முனைவாக்கும் தகடு கண்ணுக்குப் புலனாகும் ஒளியையே கட்டுப்படுத்தும். சிவப்புக்கு அப்பாற்பட்டதாய், கண்ணுக்குப் புலனாகாததாய் உள்ள செந்நிறக்கீழ்க் கதிர்களில், ஏறத்தாழ 800 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளமுடையவை அதனைத் தடையின்றிக் கடந்துவிடும். திரையிற் கரும்படம் இருப்பினும், வெண்படம் இருப்பினும், அக்கதிருக்கு எல்லாம் திறந்த சன்னலே. தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்படுத்தியைக் கழற்றிய கண்ணாடித் திரையின் மறுபுறத்தே பிடித்து அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் திரை இருண்டிருந்தும் தொலைக்காட்சி பணியும். எனவே படம் கண்ணொளியிலும், விரல் செந்நிறக்கீழ் ஒளியிலும் ஒன்றையொன்று குழப்பாது இயங்கலாம். மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2007 ஆம் ஆண்டில் மடிக்கணினித் திரையொன்றின் பின்னே நுண்ணிய உணரிகளைப் பரப்பி விரலை அறிந்ததும் இப்பண்பைக் கொண்டேயாகும். நாங்கள் அவ்வுணரிகளுக்குப் பதிலாக ஒரு கமராவை வைத்தோம்.

அமைக்கும் முறை

முதலாவது, திரையைப் பிரித்தல். மின்னிணைப்பை நீக்கிய பின்பும் வலுவழங்கிப் பலகையிலுள்ள பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் எஞ்சியிருக்கலாம். ஆதலின் பல மணி நேரம் பொறுத்த பின்னரே திறத்தல் வேண்டும். இது வளர்ந்தோர் செய்யவேண்டிய வேலை. பழைய பின்னொளிக் குழாய்களை இயக்கும் பலகையும் உயரழுத்தமுடையது. அதன் இணைப்பை நீக்கிவிடுக. அக்குழாய்களில் இரசம் உண்டு. அவற்றை உடையாமல் எடுத்து வைத்தல் வேண்டும். கண்ணாடித் திரையின் ஓரத்தில் மெல்லிய நாடா வடங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று கிழிந்தாலும் திரையில் நீங்காத கோடுகள் விழும். எங்கள் முதலாவது திரை என்னுடைய அவசரத்தினால் அவ்வாறே கெட்டது. இரண்டாவதைப் பிரித்தபோது திருப்புளியைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியிடம் கொடுத்தேன். அவள் கை என் கையிலும் பொறுமையுடையதாயிருந்தது.

திரையின் பின்னே வெண்தாள் போன்ற பல படலங்களும், தடித்த அக்கிரிலிக்குத் தகடும், இறுதியில் ஒளிபுகாத வெண்தாளும் இருக்கும். ஒளிபுகாத தாளை நீக்கிவிடுக. ஒளியைப் பரப்பும் படலமொன்றை மட்டும் திரையின் பின்னே ஒட்டினாற்போல் வைத்துக்கொள்க. திரையைத் தொடும் விரல் அப்படலத்துக்கு மிக அண்மையில் இருத்தலால் கமராவுக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும். மேலே உயர்ந்து நிற்கும் கையும் முகமும் கலங்கி மறையும். வெள்ளைத் துணியின் பின்னே நிற்பவரின் நிழல், துணியை அணுகுந்தோறும் தெளிவடைவதை இதற்கு ஒப்பிடலாம்.

இரண்டாவது, பெட்டி. எங்களுடையது பழைய பலகைகளால் ஆயது. 17 அங்குலத் திரையின் படப்பரப்பு ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் நீளமும் 27 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. கமராவின் படம் நான்குக்கு மூன்று என்ற விகிதமுடையதாகையால், 27 சென்ரிமீற்றர் அகலத்தை முழுதும் அடக்க அது 36 சென்ரிமீற்றர் நீளத்தைக் காணல் வேண்டும். கமராவின் கிடைப்பார்வைக் கோணம் 60 பாகையெனின், வேண்டிய தூரம் 18 ஐ 30 பாகையின் தாஞ்சனாற் பிரித்தாற் பெறப்படும். அது ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர். பெட்டியின் உட்சுவர்களில் வெண்தாள் ஒட்டி, மேற்பகுதியைச் சுற்றி வெண்ணிற ஒளிகாலும் இருவாயி நாடாவைப் பதித்தால் பின்னொளி கிடைத்துவிடும். வெண்ணிற இருவாயிகள் செந்நிறக்கீழ்க் கதிரை மிகச் சிறிதளவே வீசும்; இழை விளக்கைப் பயன்படுத்தினால் அக்கதிர் பெருகிக் கமராவைக் குழப்பும்.

மூன்றாவது, கமரா. கணினியோடு இணைக்கும் மலிவான சிறு கமரா போதும். அதன் வில்லையின் பின்னே, சாய்த்துப் பார்த்தாற் செந்நிறம் மின்னும் சிறு கண்ணாடித் துண்டு ஒன்று உண்டு. செந்நிறக்கீழ்க் கதிரைத் தடுப்பது அதுவே. அதனை மெல்ல நீக்கி, அதற்கு மாறாகக் கண்ணொளியைத் தடுத்து அக்கதிரை மட்டும் விடும் பொருளை வைத்தல் வேண்டும். விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. பழைய நிறப்புகைப்படச் சுருளின் ஓரத்தே ஒளிபட்டுக் கறுத்துக் கழுவப்பட்ட துண்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற் போதும். கலியாண வீட்டுப் படச்சுருள் இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது.

நான்காவது, விரலை ஒளியூட்டல். முதலில் ஹான் காட்டிய வழியிலே அக்கிரிலிக்குத் தகட்டைத் திரையின்மேல் வைத்து, ஓரங்களில் 850 நனோமீற்றர் இருவாயிகளைப் பதித்தோம். பிள்ளைகளின் உலர்ந்த விரல்கள் மங்கிய பொட்டுகளையே தந்தன. உலர்ந்த விரலின் மேடுகள் மட்டுமே தகட்டைத் தொட, பள்ளங்களிற் காற்று எஞ்சியிருத்தலே காரணம். ஒரு பிள்ளை விரலிற் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வந்து தொட்டான், பொட்டுப் பளிச்சிட்டது. எண்ணெய் அக்காற்றிடைவெளியை நிரப்பிற்று. போஸ் கல்கத்தாவில் மில்லிமீற்றர்க் கணக்கில் அளந்த அதே இடைவெளியை ஒரு துளி எண்ணெய் ஜெயபுரத்தில் விளக்கிக் காட்டிற்று.

ஆயினும் எண்ணெய்க் கைகளோடு பாடம் நடத்தல் இயலாதாகையால், இரண்டாவது வழியை மேற்கொண்டோம். திரையின்மேற் காவலாக 3 மில்லிமீற்றர்த் தெளிந்த தகடொன்றை வைத்து, நீண்ட பக்கங்கள் இரண்டிலும் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24 இருவாயிகளை, அவற்றின் ஒளி தகட்டைத் தடவிச் செல்லுமாறு பதித்தோம். இவ்வாறு தகட்டின்மேல் ஒளிப்படலமொன்று விரிகின்றது. அதனைக் கிழித்து இறங்கும் விரல் ஒளிபெற்றுக் கீழே சிதறும். ஆறு இருவாயிகள் தொடராக நான்கு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1.5 வோல்ற்றாக ஆறுக்கு 9 வோல்ற்று. 12 வோல்ற்று வழங்கியில் எஞ்சும் 3 வோல்ற்றை 68 ஓம் தடையியொன்று ஏற்க, மின்னோட்டம் ஏறத்தாழ 44 மில்லியம்பியர். நான்கு வரிசைக்கும் வலு 2 உவாற்றுக்குச் சற்று மேல். இருவாயிகள் எரிகின்றனவோவெனக் கண்ணாற் காணுதல் அரிது. கைத்தொலைபேசிக் கமராவினூடாகப் பார்த்தால் இளஊதா நிறத்தில் ஒளிரும். இருவாயிகளுக்குப் பதிலாகச் செந்நிறக்கீழ் லேசரைக் கையாண்டோரும் உளர். கண்ணுக்குத் தெரியாத லேசர் கண்ணைக் கெடுக்கும்வரை தெரியவராது. பிள்ளைகள் உள்ள இடத்தில் அது கூடவே கூடாது.

படம் எண்ணாதல்

கமரா தருவது படம். கணினிக்கு வேண்டுவது விரலின் ஆள்கூறு. இம்மாற்றம் ஐந்து படிகளில் நிகழும். ஒருவரும் தொடாத நிலையிற் படமொன்றை எடுத்து வைத்தல் முதற்படி. பின்வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதனைக் கழித்தல் இரண்டாம் படி. மாறாதவை யாவும் இவ்வாறு நீங்கும். குறித்த அளவினும் ஒளி மிக்க புள்ளிகளை வெண்மையாகவும் ஏனையவற்றைக் கருமையாகவும் கொள்ளல் மூன்றாம் படி. ஒன்றோடொன்று ஒட்டிய வெண்புள்ளிகளைத் திரட்டி, மிகச் சிறியனவற்றையும் மிகப் பெரியனவற்றையும் தள்ளி, ஒவ்வொரு திரளின் மையத்தையும் சராசரியாற் காணல் நான்காம் படி. முந்திய படத்தில் எந்த மையம் அண்மையில் இருந்ததோ, அதன் இலக்கத்தையே இதற்கும் வழங்கி, விரல் நகர்வதைத் தொடர்தல் ஐந்தாம் படி.

கமராவின் 640 புள்ளிகள் 36 சென்ரிமீற்றரைக் காண்பதால் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.56 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் அகலமான தொடுகை 18 புள்ளிகள் அகலமாகத் தோன்றும். இது தாராளமாகப் போதும். செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கும் கமராவில், செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்திற் செல்லும் விரல் இரு படங்களுக்கிடையே 1 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். ஆதலின் விரைந்து குறுக்கிடும் இரு விரல்களைக் கணினி மாறி உணர்தல் உண்டு. இறுதியாக, திரையில் தோன்றும் குறிகளை வரிசையாகத் தொட்டு, கமராவின் ஆள்கூற்றைத் திரையின் ஆள்கூற்றோடு பொருத்துதல் வேண்டும். முன்னைய ஆர்வலர் இதற்கெனத் தனி மென்பொருள்களை ஆக்கினர். இன்று இலவசமாய்க் கிடைக்கும் ஓப்பன்சிவி என்னும் நிரல் நூலகத்தைக் கொண்டு, பைதன் மொழி கற்ற உயர்தர வகுப்பு மாணவன் இதனைத் தானே எழுதலாம்.

குறைகள்

நிறைகளோடு குறைகளையும் கூறுதல் முறையாகும். இத்திரைக்குப் பெரும்பகை சூரியன். வெயிலில் செந்நிறக்கீழ்க் கதிர் நிறைந்துள்ளது. காலை பத்து மணிக்கு விறாந்தையில் வெயில் ஏறியதும் எங்கள் கமரா வெண்மையையன்றி வேறெதனையும் காணாது. மாலையிலும் இருட்டறையிலுமே இது நன்கு இயங்கும். ஒரு விரல் மற்றொன்றின் ஒளியை மறைத்தலும் உண்டு. இருவாயிகளை இரு பக்கங்களிலும் வைத்தது அதனாலேயே. சட்டையின் கைவிளிம்பு தாழ்ந்து பட்டால் அதனையும் விரலெனக் கொள்ளும். பெட்டியோ 30 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமானது. கைக்கடக்கமான கருவியை வேண்டுவோருக்கு இது உதவாது. தொடுதிரையே வேண்டுமாயின் கடையில் வாங்குதலே எளிது என்பாரும் உளர்; அது மெய்யே.

எதற்காகச் செய்தோம்

அங்ஙனமாயின் இம்முயற்சி எதற்கு? கடையில் வாங்கிய திரை விரலை அறியும்; ஆனால் தான் எவ்வாறு அறிகின்றது என்பதைக் காட்டாது. எங்கள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒளி தெரியும், கமரா தெரியும். கணினியிற் கமராவின் படத்தைத் திறந்தால் பிள்ளை தன் பத்து விரல்களையும் பத்து நிலாக்களாகக் காண்பான். புத்தகத்தில் அவதிக்கோணத்தை மனனஞ் செய்த மாணவன் தேங்காயெண்ணெயில் அதன் பொருளைக் கண்டான்.

மேலும், வன்னி மண்ணில் வாழ்ந்தோர்க்கு இஃது அந்நியமான தொழிலன்று. மின்சாரமும் மின்கலமும் கிடையாதிருந்த 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்னிலே வானொலி கேட்டோம். சாம் போத்தலில் திரியிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் இரவு முழுதும் படித்தோம். அன்று தேவை நம்மை ஆக்குவோராய் வைத்திருந்தது. இன்று பொருள்கள் வந்து குவிகின்றன. பழுதானவை குப்பையிற் குவிகின்றன. வறுமை நீங்குதல் நன்றே. ஆனால் வறுமையோடு கூட, திறந்து பார்த்துச் செய்துகொள்ளும் அக்கைத்திறனும் நீங்கிவிடுமாயின் அது பேரிழப்பாகும். எங்கள் பிள்ளைகள் பிறர் செய்ததை வாங்கித் தடவுவோராய் மட்டும் நின்றுவிடலாகாது என்பதே என் கவலை.

எங்கள் திரையில் முதலில் எழுதிய விளையாட்டு மிக எளியது. இடப்பக்கத்திற் பதினெட்டு மெய்கள். வலப்பக்கத்திற் பன்னிரண்டு உயிர்கள். ஒரு பிள்ளை மெய்யொன்றைத் தொட்டுக்கொண்டிருக்க, மற்றொரு பிள்ளை உயிரொன்றைத் தொட்டால், நடுவே உயிர்மெய் பெரிதாகத் தோன்றும். ஒருவர் விரலை எடுத்தாலும் எழுத்து மறைந்துவிடும். 216 உயிர்மெய்களுள் ஒன்றையேனும் ஒரு விரலால் மட்டும் ஆக்க முடியாது. ஒரே சுட்டியையுடைய கணினியில் இவ்விளையாட்டை விளையாட இயலாது. தேரின் வடம்போல, பல கைகள் ஒருங்கே பற்றினாலன்றி இது நகராது. முன்னர்ப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த சிறுவர் இப்பொழுது பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். மூத்த பிள்ளைக்கு இளைய பிள்ளையின் விரல் வேண்டியிருக்கின்றது.

நம் கல்லூரியின் விழா நாளில் பழைய மாணவராகிய நாம் பொருளுதவி செய்கின்றோம், அது வேண்டியதே. அதனோடு, நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருளிற் கிடக்கும் பழைய திரையொன்றையும், விடுமுறை மாலைகள் சிலவற்றையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அளிப்போமாயின், ஆய்வுகூடத்தில் நாம் கற்ற பாடம் அவர்கள் விரல் நுனியில் ஒளிரும். அதற்கு வேண்டுவன பெரும்பாலும் நம்மிடமே உள்ளன. திருப்புளியை எடுத்தல் ஒன்றே எஞ்சியிருக்கின்றது.